ஆஸ்திரேலிய ஒயினை ருசி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு ஒயினை வாயில் வைப்பதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, அங்கே கோடைக்காலமான ஜனவரி மாதத்தில், அடிலெய்டின் 30 டிகிரி வெக்கையில் கிடந்த பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸை (கனமான சிவப்பு ஒயின்) அப்படியே ஊற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிப்போகும். ஃபிரிட்ஜில் வைத்து 16 முதல் 18 டிகிரிக்குள் கொண்டுவந்து குடித்துப் பாருங்கள், வேறு ஒயின் மாதிரி இருக்கும். வெள்ளை ஒயினில் நேர்மாறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதி சார்டனேயை ஜில்லென்று எடுத்த கையோடு குடித்துவிட்டு வாசனையே இல்லை என்கிறார்கள், கால்மணி நேரம் வெளியே வைத்தால் அது தானாகப் பேசும்.

கிளாஸை நிரப்பாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும், சுழற்ற இடம் வேண்டும். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் மூக்கும் கெட்டுவிடும்.

அடுத்தது எனக்கு மனசு வலிக்கிற தவறு. சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கில் வெள்ளை ஒயினுக்கான செமில்லான் திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள், அதனால் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். இளசாக இருக்கும்போது எலுமிச்சம்பழப் புளிப்பைத் தவிர பெரிதாக எதுவும் தெரியாது, அதனால் வெறும் தண்ணீர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதே ஒயின் பாட்டிலுக்குள் பத்து வருஷம் இருந்தால் தேனும் வறுத்த ரொட்டியுமாக மணக்கும். அப்போது குடிப்பவர்களில் பலர் இது ஓக் பீப்பாயில் வைத்தது என்று அடித்துச் சொல்வார்கள். வழக்கமான ஹன்டர் செமில்லானுக்கும் ஓக்குக்கும் சம்பந்தமே கிடையாது, அந்த மணம் முழுக்க வயசு கொடுத்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் இப்படித்தான். வயசானால் லேசாக மண்ணெண்ணெய் வாசனை வரும், கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ஆனால் ஒரு வயசுகூட ஆகாத ரீஸ்லிங்கில் அது தூக்கலாக அடித்தால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

திருகு மூடி போட்டிருந்தால் மலிவுச் சரக்கு என்று நினைப்பது இன்னொன்று. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும் பாட்டில்கள் கார்க்கால் கெட்டவை. அது வெறுத்துப்போய்த்தான் 2000-இல் கிளேர் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடித் திருகு மூடிக்கு மாறினார்கள். திருகு மூடி ஒயினைத் திறந்ததும் சிலசமயம் தீக்குச்சி உரசின வாசனை வரலாம். அவசரப்படாமல் நன்றாகச் சுழற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

சிவப்பில் நிறத்தை வைத்துத் தரம் சொல்லாதீர்கள், டாஸ்மேனியாவின் பினோ நுவார் திராட்சை ஒயின் வெளிறித்தான் இருக்கும். துவர்ப்பையும் கசப்பையும் போட்டுக் குழப்பாதீர்கள். வாழைப்பூவும் நாவல்பழமும் தின்று வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை: ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு, தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா பகுதியில் கேபர்நே திராட்சையில் செய்த இளம் சிவப்பு ஒயினில் அது இருக்கத்தான் வேண்டும். சில ஆஸ்திரேலிய சிவப்புகளில் நீலகிரித் தைல வாசனை வந்தால் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம், தோட்டத்தை ஒட்டி நிற்கும் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வருவது அது.

இளசில் தீர்ப்புச் சொல்லித் தோற்றவர்கள் அந்த ஊர் நிபுணர்களும்தான். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் 1951-இல் கிரேஞ்ச் என்ற சிவப்பு ஒயினை முதன்முதலில் சோதனையாகச் செய்தபிறகு, ருசி பார்த்தவர்கள் மோசமாகப் பேச, 1957-இல் நிர்வாகமே நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர் ரகசியமாகத் தொடர்ந்து செய்தார். பழைய பாட்டில்கள் முதிர்ந்து ருசி கூடியதும், மறுபடி செய்யச் சொல்லி அதே நிர்வாகம் உத்தரவு போட்டது.

மதிப்பெண் போடுவதென்றால் ஆஸ்திரேலியப் போட்டிகளில் நெடுங்காலம் இருந்த 20 மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாயில் தெரியும் ருசிக்கு 10. லேபிளைப் பையால் மறைத்துவிடுங்கள், விலை தெரிந்தால் நாக்கு வளைந்துகொடுக்கும். வெள்ளை முதலில், அப்புறம் லேசான சிவப்பு, கனமான ஷிராஸ், ரதர்க்ளென் மஸ்கட் மாதிரி இனிப்பானது கடைசியில். வரிசையாக நிறைய பார்ப்பதாக இருந்தால் துப்பிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், விழுங்கிக்கொண்டே போனால் ஏழாவது கிளாஸுக்குப் போடும் மதிப்பெண்ணை நம்பவே முடியாது. பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடி வைத்துவிட்டு மறுநாள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், முதல் நாள் முறுக்கிக்கொண்டு நின்ற கேபர்நே அன்றைக்கு இளகியிருக்கும்.