குட்டி ஃபிலிம் கேமரா: வாங்கும்போதும் படமெடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினாக்ஸ், மினோல்டா 16 போன்ற குட்டி கேமராக்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கீறலையும் பளபளப்பையும்தான். பார்க்க வேண்டியது கேசட்டை. 1957-ல் வந்த மினோல்டா 16, 16 மி.மீ. ஃபிலிமில் 10x14 மி.மீ. அளவுக்குப் படமெடுக்கும். அந்த ஃபிலிமை அதற்கென்றே செய்த இரட்டை அறை பிளாஸ்டிக் கேசட்டில் சுற்றிப் போட்டால்தான் கேமரா ஏற்கும். கேசட் இல்லையென்றால் அது அலமாரியில் வைக்கத்தான் ஆகும். காலி கேசட் ஒன்றிரண்டு சேர்த்துக் கொடுப்பவரிடம் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினாலும் நஷ்டமில்லை.

மினாக்ஸுக்கு 9.2 மி.மீ. அகலத்தில், ஓட்டை இல்லாத ஃபிலிம் வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் இரு ஓர ஓட்டைகளுக்கு நடுவே உள்ள பகுதியிலிருந்து இரண்டு பட்டைகள் எடுக்கலாம். இதைக் கத்தரிக்கோலால் செய்யாதீர்கள். ஓரம் கோணலானால் கேசட் வாயிலேயே சிக்கும். வெட்டுவதற்கென்றே கருவி கிடைக்கிறது; முழு இருட்டில் அதில் இழுத்தால் போதும்.

அதிகம் பேர் சறுக்குவது ஃபிலிம் வேகத்தில், அதாவது வெளிச்சத்தை அது எவ்வளவு சீக்கிரம் உள்வாங்குகிறது என்பதைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணில். கையில் இருக்கிறதே என்று ஐஎஸ்ஓ 400 போட்டுவிடுகிறார்கள். மினாக்ஸின் பி மாடலில் லென்ஸின் துளை எப்போதும் எஃப் 3.5 அளவிலேயே திறந்திருக்கும், சுருக்க வழியே கிடையாது. வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த ஷட்டர் ஒன்றுதான், அதன் உச்சம் 1/1000 நொடி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 50 ஃபிலிமுக்கு ஏறக்குறைய அந்த 1/1000-தான் சரியான வேகம். 100 என்றால் ஒரு ஸ்டாப், அதாவது தேவையைப்போல் இரு மடங்கு வெளிச்சம், கூடும், நெகடிவ் ஃபிலிம் அதைத் தாங்கிவிடும். 400 என்றால் மூன்று ஸ்டாப், எட்டு மடங்கு! கேமராவிலேயே உள்ள வெளிச்சம் குறைக்கும் ஃபில்டர் காப்பாற்றலாம், ஆனால் மணி மணியாகத் தெரியும் கிரெய்னை அது குறைக்காது. மினாக்ஸின் 8x11 மி.மீ. நெகடிவை அஞ்சலட்டை அளவுக்குப் பெருக்கவே சுமார் 13 மடங்கு தேவை. அதனால் மெதுவான, நுண்ணிய ஃபிலிம்தான் இதற்கு என் முதல் தேர்வு. தூரத்தை 4 மீட்டர் அளவில் வைத்துவிட்டால் 2 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டியவரை தெளிவாகவே விழும். தெருவில் நடந்துகொண்டே எடுக்க அருமையான வசதி.

வந்தவர்களிடம் காட்டுவதற்காக மினாக்ஸை இழுத்து மூடி விளையாடுவதும் ஒரு தவறு. மினாக்ஸ் ஏ-யிலும் பழைய பி-யிலும் ஒவ்வொரு முறை இழுத்து மூடும்போதும், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒரு படத்துக்கான ஃபிலிம் நகர்ந்துவிடும். வேடிக்கை காட்டுவதென்றால் கேசட் இல்லாதபோது காட்டுங்கள்.

பழைய பி-யில் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசைந்தாலே 'வேலை செய்கிறது' என்று விற்பார்கள். செலினியம் மீட்டர் 60 ஆண்டுகளில் சோர்ந்திருக்கலாம். முள் காட்டும் அளவை ஃபோனில் உள்ள மீட்டர் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஷட்டரை 1/2 நொடியில் வைத்துக் காது கொடுங்கள். இழுத்து இழுத்துப் போனால் உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. மினாக்ஸ் சி என்றால் பேட்டரி அறையில் பச்சைக் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

'உளவாளி வைத்திருந்தது' என்ற கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உளவாளிகள் மினாக்ஸ் பயன்படுத்தியது உண்மைதான், ஆனால் ஆவணம் இல்லாத கதைக்கு விலை இல்லை. சேகரிப்பாளர் தேட வேண்டியது வேறு. வால்டர் சாப் வடிவமைத்து, 1938-ல் லாட்வியாவின் ரிகா நகரிலிருந்து விற்பனைக்கு வந்த முதல் மினாக்ஸ் எஃகு உடம்பு கொண்டது. போருக்குப் பின் ஜெர்மனியில் செய்த அலுமினியம் ஏ-யைவிடக் கையில் நன்றாகவே கனக்கும். ரிகா என்று சொல்லி லேசான கேமராவை நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு பாலிஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், பொறித்த எழுத்து மழுங்கும்.

டெவலப் செய்த பிறகு தூசிதான் எதிரி. 0.1 மி.மீ. துகள் அஞ்சலட்டைப் பிரிண்டில் ஒரு மி.மீ.க்கும் மேல் தெரியும். சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர் இத்தனை சிறிய நெகடிவுக்குப் போதாது. காற்றுப் பந்தால் ஊதிவிட்டு, மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கேமராவில் எடுங்கள்.