இரண்டு சேர்வர் புரொசெசரில் எதை வாங்குவது?

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிக் கடையில் விலை கேட்க முதல், உங்கள் சேர்வர் என்ன வேலை செய்யப்போகிறது என்று எழுதி வையுங்கள். பல வேர்ச்சுவல் மெஷின் (ஒரே சேர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகள்) ஓட்டுவதென்றால் கோர், அதாவது புரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின் எண்ணிக்கை முக்கியம், ஒரேயொரு கணக்கு மென்பொருள்தான் என்றால் தனிக் கோரின் வேகம்.

2019இல் வந்த இரண்டைப் பாருங்கள்: ஏஎம்டி எபிக் 7302பி, 16 கோர், 155 வாட், இன்டெல் சியோன் சில்வர் 4214, 12 கோர், 85 வாட். மெமரி சனல் (றாமுக்கும் புரொசெசருக்கும் இடையிலான பாதை) எபிக்கில் 8, சியோனில் 6, ஆனால் றாம் ஒன்றிரண்டு மட்டும் போட்டால் அந்தப் பலன் கிடைக்காது. என்னைக் கேட்டால் வேர்ச்சுவல் மெஷினுக்கு எபிக். பின்னாளில் இரண்டாவது புரொசெசர் போடும் எண்ணமிருந்தால் சியோன், 7302பி தனியாக மட்டுமே ஓடும்.

பிறகு கரண்ட் பில். 70 வாட் வித்தியாசம், முழுச் சுமையில் இரவு பகலாக ஓடினால் மாதம் சுமார் 50 யூனிட். யூபிஎஸ்ஸும் ஏசியும் அதற்கேற்ப வேண்டும், யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இதைக் கணக்கில் எடுக்காமல் விடவே கூடாது. விண்டோஸ் சேர்வருக்கு எப்படியும் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், 12 கோர் என்று அதில் மிச்சம் பிடிக்க முடியாது.

பழையது என்றால் மதர்போர்ட், றாம் விலையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். சில எபிக் முன்பு ஓடிய சேர்வரைச் செய்த கம்பனியின் போர்டுகளில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்டிருக்கும், உங்கள் போர்டில் ஏற்றிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.