ஊட்டியில் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? இடம், அனுமதி, பனிமூட்டம் – படிப்படியாக

நாலைந்து பேர், ஒரு கேமரா, ஒரு வாடகை வண்டி என்று கிளம்பும் குழுவுக்கான குறிப்புகள் இவை. ஷாட் பிரிக்கவும் கால்ஷீட் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஊட்டியில் அழகான இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. மாட்டிக்கொள்வது வெளிச்சத்திலும் பனிமூட்டத்திலும்தான்.

1. முதலில் மாதம்

நீல வானமும் தெளிவான மலை அடுக்குகளும் வேண்டுமென்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. ஆனால் அப்போது உறைபனி விழுந்து புல்வெளிகள் கருகிப் பழுப்பாகிவிடும். கதைக்குப் பச்சைப் புல்வெளி தேவை என்றால் ஜனவரி வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. பச்சை கிடைக்கும், வெயிலை நம்ப முடியாது. ஏப்ரல், மே சீசன் மாதங்கள். கூட்டத்தை விட்டுத்தள்ளினாலும், அரசுப் பூங்காக்களில் அந்த நாட்களில் படப்பிடிப்புக்கு வழக்கமாகவே தடை போடுவார்கள்.

2. ஒரே சாலையில் இடம் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் காலையில் தொட்டபெட்டா, மதியம் குன்னூர், சாயங்காலம் பைக்காரா என்று திட்டம் போடுவார்கள். பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். கூடலூர் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்குந்தா பக்கம் பைன் பாரஸ்ட், கீழே காமராஜ் சாகர் அணை நீர்த்தேக்கம், அப்புறம் ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டம், கடைசியில் பைக்காரா. ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குள் காடு, நீர், புல்வெளி, அருவி நான்கும் முடிந்துவிடும்.

பைன் பாரஸ்ட்டில் மரங்கள் நெருக்கமானவை. காலையில் சாய்வாக வரும் வெளிச்சம்தான் அங்கே சரக்கு. உச்சி வெயில் இலைகளுக்கு நடுவே திட்டுத்திட்டாக விழுந்து முகத்தைக் கெடுக்கும். ஷூட்டிங் மட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை, காற்றுதான் தொல்லை.

மலை ரயில் ஷாட் வேண்டும் என்பவர்களுக்கு: நீராவி எஞ்சினை எதிர்பார்த்து கேத்தியிலோ லவ்டேலிலோ காத்திருக்காதீர்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே வழக்கமாக ஓடுவது டீசல். நீராவி வேண்டுமானால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்குப் போக வேண்டும். கல்லாறைத் தாண்டி பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். எஞ்சின் முன்னால் வரும் ஷாட் என்றால் இறங்கும் ரயிலுக்குத்தான் ஃபிரேம் வைக்க வேண்டும்.

3. அனுமதி

இடம் எந்தத் துறையுடையதோ, கடிதமும் அங்கேதான். பைன் பாரஸ்ட், ஷூட்டிங் மட்டம் – வனத்துறை. தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா – தோட்டக்கலைத் துறை. ஏரி படகு இல்லம் – தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். ரயில், நிலையம், தண்டவாளம் – சேலம் ரயில்வே கோட்டம். டீ எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். மேஸ்திரி தலையாட்டியது அனுமதி ஆகாது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கோயில் பக்கம் திருப்பவே வேண்டாம்.

ட்ரோன் ஆசையை விட்டுவிடுவது நல்லது என்பேன். காட்டுக்கு மேல் பறக்கவிட்டு மாட்டினால் ஷூட்டிங்கே நின்றுவிடும். தொட்டபெட்டா 2,637 மீட்டர்; அந்த உயரத்தில் முக்காலி வைத்தாலே டாப் ஆங்கிள் கிடைக்கிறது.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலவசம்தான், இணையத்தில் எடுத்துவிடலாம்.

4. பனிமூட்டத்துக்கு ஏற்ற ஷாட் வரிசை

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், பொறுமையாகப் படியுங்கள்.

காலையில் பளிச்சென்று இருக்கும் பள்ளத்தாக்கு மதியத்துக்கு மேல் பத்தே நிமிடத்தில் மூடிக்கொள்ளும். ஸ்கிரிப்ட் வரிசைப்படி எடுத்துக்கொண்டு போனால் ஒரே காட்சியில் ஒருவர் பேசும்போது பின்னால் மலை, பதில் சொல்பவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். எடிட்டில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அதனால் வைடு ஷாட் எல்லாவற்றையும், வேறு வேறு காட்சியாக இருந்தாலும், விடிந்ததும் அடித்துவிடுங்கள். பிறகு ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு இருவரின் மிட் ஷாட்டையும் அடுத்தடுத்து முடியுங்கள். குளோசப் கடைசி, 85 எம்எம் லென்ஸில் பின்னணி கரைந்துவிடும், மலையா பனியா என்று தெரியாது. பனி வேண்டிய காட்சி என்றால் மூட்டம் வரும்வரை காத்திருந்து, ரிஹர்சல் முடித்துத் தயாராக நில்லுங்கள். அது கலையவும் அதே பத்து நிமிடம் போதும்.

கேமராவில் செய்ய வேண்டியவை: ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியவைக்கும் நிற அமைப்பை, 5600 கெல்வினில் பூட்டுங்கள், ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். மூட்டத்தைக் கேமராவின் வெளிச்ச மீட்டர் அதிக வெளிச்சம் என்று நினைத்து இருட்டாக்கும், எனவே எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும். மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் பீக்கிங் போடுங்கள். நிற அளவுகளைக் குறைவாகப் பதியும் 8 பிட் கேமராவில், பிறகு நிறம் சேர்ப்பதற்காக மங்கலாகப் பதியும் லாக் புரொஃபைல் வேண்டவே வேண்டாம். பனியின் மெல்லிய சாம்பல் எல்லாம் கலர் கரெக்‌ஷனில் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

5. லென்ஸில் ஈரம்

குளிரில் வெளியே எடுத்துப்போனால் லென்ஸ் மூடிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது தலைகீழ். விடியற்காலைக் குளிரில் ஜில்லென்று ஆன கேமராவை, ஹீட்டர் போட்ட அறைக்கோ ஆறு பேர் மூச்சுவிடும் வண்டிக்கோ கொண்டுவரும்போதுதான் நீர்த்துளி படியும். உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவில் படிந்துவிட்டால் துடைக்க முடியாது. தானாகக் காயவே மணிக்கணக்கில் ஆகும்.

வெளியே குளிரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். உள்ளே வந்தபின் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காப்பி எடுக்கும் அவசரத்தில் யாராவது உறையைத் திறந்துவிடுவார்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி சட்டைக்குள் இருக்கட்டும்.

6. கருவிகள்

என்டி என்பது லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர். திருப்பித் திருப்பி அளவை மாற்றும் வேரியபிள் என்டி எனக்குப் பிடிக்காது; வைடு லென்ஸில் வானத்தில் எக்ஸ் வடிவ நிழல் விழும். 3 ஸ்டாப், 6 ஸ்டாப் என இரண்டு சாதாரண என்டி போதும். ஈரமான தேயிலை இலையில் வெள்ளையாக மின்னும் பளபளப்பை போலரைசர் ஃபில்டர் ஒன்றுதான் அடக்கும். மைக்குக்கு ரோமம் வைத்த உறை இல்லாமல் ஷூட்டிங் மட்டத்தில் ஏறாதீர்கள்.

பின்னர் சேர்த்தது

காலர் மைக்கில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது காற்று இல்லை, ஸ்வெட்டர் உரசல். மைக்கை உள்சட்டையில் மெடிக்கல் டேப் போட்டு ஒட்டி, வயரை ஒரு சுற்று தளர்வாக விடுங்கள்.

இன்னொன்று தண்ணீர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். குழுவுக்கு 20 லிட்டர் கேனும் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.