வலப்பக்கம் திரும்ப வலக்கையால் தள்ளுங்கள்

பல ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரிடம் வலப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டால், ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புவதாகவோ உடம்பை வலப்பக்கம் சாய்ப்பதாகவோ சொல்வார். அவருடைய கைகள் செய்வது வேறு. ஓடும் வண்டியை வலப்பக்கம் கொண்டுபோக, ஹேண்டில்பாரின் வலது முனையை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது, முன்சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். சைக்கிள் கடை நடத்திக்கொண்டே விமானம் செய்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், இதைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். கேட்டவுடன் முழுமையாகச் சரியான பதிலைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார்.

தெரியாமலே திரும்ப முடிகிறதே, தெரிந்துகொண்டு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் அவசர வேளையில் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் தலைமையிலான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழு 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களிடம் ஹேண்டில்பாரைத் தள்ளிச் சட்டென விலகும் திறன் அநேகமாக இல்லவே இல்லை என்று அது குறிப்பிட்டது. எதிரே வந்த வாகனத்தைக் கண்டு திடுக்கிட்டவர் அதிலிருந்து விலக நினைத்து ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பினால், வண்டி அந்த வாகனத்தை நோக்கியே சாயும்.

முதலில், வண்டி ஏன் விழாமல் ஓடுகிறது என்று பார்ப்போம். உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடும் சிறுவன், கம்பு சாயும் பக்கமாகவே கையை நகர்த்தி, அதன் அடியை மறுபடி எடைக்கு நேர் கீழே கொண்டுவருகிறான். ஓடும் வண்டியிலும் அதுதான் நடக்கிறது: வண்டி சாயும் பக்கமாக முன்சக்கரம் திரும்புவதால், டயர்கள் தரையைத் தொடும் கோடு எடைக்குக் கீழே வந்துசேர்கிறது. இதை நாம் செய்வதைவிட வண்டி தானே செய்துகொள்வதுதான் அதிகம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பார்த்தால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுவது தெரியும். டிரெயில் எனப்படும் இந்த இடைவெளி பல வண்டிகளில் ஏறத்தாழ 10 செ.மீ. இருக்கும். சமதரையில் எஞ்சினை நிறுத்தி, ஹேண்டில் லாக்கை எடுத்துவிட்டு, இன்னொருவரை மறுபக்கம் துணைக்கு நிறுத்திக்கொண்டு, சீட்டை மட்டும் பிடித்து வண்டியை இடப்பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். யாரும் தொடாமலே ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

சுழலும் சக்கரம் தன் அச்சின் திசை மாறுவதை எதிர்க்கும் இயல்பான கைரோ விளைவே வண்டியை விழாமல் நிறுத்துகிறது என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், ஒரு சைக்கிளில் எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரத்தைப் பொருத்திக் கைரோ விளைவை ஈடுகட்டிவிட்டு ஓட்டிப் பார்த்து, தடுமாற்றமின்றி ஓட்ட முடிந்ததாக 1970இல் எழுதினார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கைரோ விளைவு, டிரெயில் இரண்டுமே இல்லாத ஓர் இருசக்கர அமைப்பைச் செய்து, ஆளில்லாமலே அது நிமிர்ந்து ஓடுவதைக் காட்டினார்கள். எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதற்கும் இதில் பங்குண்டு. ஓட்டுபவருக்கு வேண்டிய பாடம் இவ்வளவுதான்: நேராக ஓடும்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால், வண்டி தானே செய்துகொள்ளும் திருத்தத்தை நாமே தடுக்கிறோம்.

இனித் திரும்புவதைப் பார்ப்போம். வளைவில் செல்லும் வண்டி உள்பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். சாயாவிட்டால் வெளிப்பக்கம் கவிழ்ந்துவிடும். ஆகவே திருப்பம் என்பது முதலில் சாய்வை உண்டாக்கும் வேலை. வலது முனையைத் தள்ளியதும் முன்டயர் கண்ணுக்குத் தெரியாத அளவு இடப்பக்கம் ஓடுகிறது. மேலே இருக்கும் எடையோ தன் போக்கில் நேராகவே செல்கிறது. அடி இடப்பக்கம் விலகிவிட்டதால் வண்டி வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தவுடன் முன்சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பி, அந்தச் சாய்வுக்கு ஏற்ற வளைவில் ஓடத் தொடங்குகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால்தான் முதல் அசைவு நம் கண்ணில் படுவதில்லை. உடம்பைச் சாய்த்தாலும் வண்டி சாயும் என்பது மெய்தான்; ஆனால் மிக மெதுவாகச் சாயும், அவசரத்துக்கு உதவாது.

இதைப் பழக, ஆள் நடமாட்டமில்லாத அகலமான இடம் வேண்டும். ஹெல்மெட், கையுறை அணிந்து, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நேராகச் சென்றுகொண்டே, முழங்கைகளைத் தளர்த்தி, வலது உள்ளங்கையால் பிடியை முன்னோக்கி மிக லேசாக அழுத்துங்கள். கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. ஹேண்டில்பார் மேலும் கீழும் அசையாது என்பதால் அந்த உழைப்பு வீண். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விலகுவதை உணர்ந்தவுடன் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். பிறகு இடது கையால் அதேபோல் அழுத்தினால் வண்டி நிமிர்ந்து பழைய பாதைக்குத் திரும்பும். விரல்களைப் பிடியில் சுற்றாமல் நீட்டி வைத்துக்கொண்டு செய்தால், எந்தக் கை தள்ளுகிறது, எந்தக் கை இழுக்கிறது என்ற குழப்பம் இருக்காது. கை பழகிய பின் தரையில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, அதற்குச் சில மீட்டர் முன்னால்வரை நேராக வந்து, வலம் தள்ளி, உடனே இடம் தள்ளி விலகிப் பாருங்கள். விலகும்போது பிரேக்கைத் தொட வேண்டாம். தேவையானால் பிரேக்கை முன்பே பிடித்து விட்டுவிட வேண்டும். விலகும்போதே முன்பிரேக்கையும் இறுக்கினால் டயரின் பிடிமானம் இரண்டு வேலைகளுக்கும் போதாமல் போகலாம்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. எடைக்கு அதில் பங்கில்லை. ஸ்ப்ளெண்டரானாலும் புல்லட்டானாலும் கணக்கு ஒன்றுதான்: வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய வளைவு ஒன்றை 10 மீட்டர் ஆரம் கொண்டதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அதில் திரும்ப ஏறத்தாழ 17 பாகை சாய்ந்தால் போதும், 30 கி.மீ. வேகத்தில் 35 பாகை வேண்டும். வெறும் 10 கி.மீ. கூடியதற்குச் சாய்வு இரட்டிப்பாகிறது. சமதளச் சாலையில் டயருக்கு வேண்டிய உராய்வுக் கெழு, அதாவது தரையைப் பற்றும் அளவு, இதே டேன்ஜென்ட்தான் என்பதால், முதலில் 0.3 போதுமானதாக இருந்த இடத்தில் இப்போது 0.7 வேண்டியிருக்கிறது. காய்ந்த நல்ல தார்ச்சாலை அதைத் தாங்கும். வளைவில் சிதறிக் கிடக்கும் ஜல்லிப்பொடியும் ஈரச்சருகும் தாங்க மாட்டா. டயருக்கு அகலம் இருப்பதால், கணக்கில் வருவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சாய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துக் கியரையும் இறக்கிவிட வேண்டும். உள்ளே நுழைந்தபின் ஆக்சிலரேட்டரை முற்றிலும் மூடாமல் லேசாகத் திறந்தே வைத்திருந்தால் வண்டி சீராக ஓடும். நடு வளைவில் பயந்து முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிர்ந்து வெளிப்பக்கம் போகும். சாய்ந்த நிலையில் டயர் அதன் உள்ளோரத்தில் தரையைத் தொடுவதால், பிரேக் விசை சக்கரத்தை மேலும் உள்நோக்கித் திருப்புகிறது. அது அடியை எடைக்குக் கீழே கொண்டுவந்து வண்டியை நிமிர்த்திவிடுகிறது. வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருந்தால், சாய்வதற்கு இடமிருக்கும்வரை உள்பக்கக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளுவதே வழி. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் வலது வளைவுகளில் ஓர் ஆபத்து உண்டு: டயர் நடுக்கோட்டுக்கு இப்பால் இருந்தாலும், சாய்ந்த தலையும் தோளும் அப்பால் நீண்டு, எதிரே வரும் பேருந்தின் பாதைக்குள் போய்விடும்.

நெரிசலான தெருவில் நடை வேகத்தில் முழுவதுமாகத் திருப்பும்போது உணர்வு வேறாக இருக்கும். அங்கே போகும் பக்கமாகவே ஹேண்டில்பாரைத் திருப்பி, வண்டியை உள்ளே சாயவிட்டு, உடம்பை வெளிப்பக்கம் வைக்க வேண்டும். ஹாஃப் கிளட்சில் எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்க, பின்பிரேக்கை மட்டும் லேசாக மிதியுங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

பின்னால் ஒருவர் ஒருபக்கமாக அமர்ந்திருந்தால் கணக்கு சற்று மாறும். அவருடைய எடை இடப்பக்கம் தள்ளி இருப்பதால், நேராகச் செல்லும்போதே வண்டி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வலது வளைவில் அந்தச் சாய்வு மேலும் கூடி, ஃபுட்ரெஸ்ட்டோ சைலன்சரோ வழக்கத்தைவிட விரைவில் தரையில் உரசலாம். வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வண்டி நேராக நிற்காமல் அலைந்தால், தவறு கையில் இல்லாமல் வண்டியில் இருக்கலாம். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடி நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்த டயர், சாய்க்கத் தொடங்கும்போது அடம்பிடித்துப் பின் திடீரெனச் சாயும். அடுத்தது, ஹேண்டில்பார் எளிதாகத் திரும்ப உதவும் குண்டுத் தாங்கியான கோன் செட். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழுந்த நிலையில் ஹேண்டில்பாரை ஒற்றை விரலால் மெல்லத் திருப்புங்கள். நேர் நிலைக்கு வரும்போது சிறிய பள்ளத்தில் விழுந்ததுபோல் அது சிக்கினால், குண்டுகள் தடத்தில் குழி பறித்துவிட்டன என்று பொருள். சாய்வுக்கேற்ப முன்சக்கரம் தானாகத் திரும்புவதை அந்தக் குழி தடுப்பதால்தான் வண்டி அலைகிறது. கோன் செட்டை இறுக்கினால் இது சரியாகாது, மேலும் மோசமாகும். மாற்றித்தான் ஆக வேண்டும்.