மனச்சிதைவு உள்ளவர்களின் உடல்நலத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதயநோய் போன்ற உடல்நோய்களே காரணம். ஆகவே அவர்களுடைய எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, நடைத்திறன் ஆகியவற்றை நலமாக உள்ளவர்களோடு ஒப்பிடும் ஆய்வுகள் மிகவும் தேவை. ஆனால் அவற்றில் கிடைக்கும் வேறுபாடு முழுவதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

அது ஆள் தேர்விலேயே தொடங்குகிறது. மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களும் எளிதில் கிடைப்பதால், வயதும் பாலினமும் பொருந்தினால் போதும் என்று அவர்களையே ஒப்பீட்டுக் குழுவாக்கிவிடுகிறார்கள். நிலையான வருமானம் உள்ள ஒருவரையும், பல ஆண்டுகளாக வேலையின்றி வீட்டோடு இருக்கும் ஒருவரையும் அருகருகே வைத்தால், நாம் அளப்பது நோயை மட்டுமல்ல, வறுமையையும் சேர்த்துத்தான். அதே தெருவில், அதே வருமானத்தில் வாழ்பவர்களைத் தேடிச் சேர்ப்பது சிரமம்தான். இருந்தாலும் அந்தச் சிரமத்தைப் பட்டே ஆகவேண்டும்.

அடுத்தது மருந்து. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஓலன்சாபின், க்ளோசாபின் ஆகிய மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. க்ளோசாபின் நாடித்துடிப்பையும் உயர்த்தும். மருந்தின் பெயர், அளவு, எடுத்துக்கொண்ட காலம் ஆகியவற்றைக் குறிக்காத அட்டவணையில் நோயையும் மருந்தையும் பிரிக்கவே முடியாது. அதற்காகப் பழி முழுவதையும் மருந்தின்மேல் போடுவதும் தவறு. மனச்சிதைவுக்கான முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின் 1952-இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு வெகுமுன்பே, 1879-இல், மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் தென்படுவதை ஆங்கிலேய மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி எழுதியிருக்கிறார்.

புள்ளியியலில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. எடையையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் சமன்செய்த பிறகு, அதாவது இரு குழுக்களிலும் அவை ஒரே அளவில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்ட பிறகு, இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு எழுதுகிறார்கள். நோயும் மருந்தும் இதயத்தைச் சென்று தாக்கும் வழியே அந்த எடையாக இருக்கும்போது, அதை நீக்கிவிட்டுப் பார்ப்பது பாதிப்பையே கண்ணிலிருந்து மறைப்பதாகும். சமன்செய்வதற்கு முன்னும் பின்னும் கிடைத்த எண்கள் இரண்டையும் தரவேண்டும்.

அளக்கும் முறையில், ஆறு நிமிடங்களில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் ஆறு நிமிட நடைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் இதைச் செய்யவேண்டும். 15 மீட்டரில் செய்தால் திரும்பும் தடவைகள் கூடி, நடந்த தூரம் குறைந்துவிடும். இரண்டாம் முறை நடப்பவர் பழக்கத்தாலேயே சற்றுக் கூடுதலாக நடப்பார். ஒரு குழுவிடம் நிமிடத்துக்கு ஒருமுறை “நல்லா நடக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு, மற்றக் குழுவிடம் பேசாமல் நின்றால், அந்தச் சொல்லின் பலனும் தூரத்தில் சேர்ந்துவிடும். மருந்தினால் வந்த தசை இறுக்கமும், நோயின் கூறான ஆர்வக்குறைவும்கூட நடையைத் தளர்த்தும் என்பதால், குறைந்த தூரத்தைப் பார்த்தவுடன் இதயம் பலவீனம் என்றோ, இன்னும் மோசமாக, ஆள் சோம்பேறி என்றோ முடிவு கட்டக்கூடாது.

இடுப்புச் சுற்றளவை வேட்டி மடிப்பின் மேலேயே நாடா சுற்றி அளப்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணியை விலக்கி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், இரு குழுக்களுக்கும் ஒரே விதமாக அளக்கவேண்டும். அப்படிச் சரியாக அளந்த பிறகும், எந்த வரம்பை வைக்கிறோம் என்பது இருக்கிறது. அமெரிக்க வரம்பான 102 சென்டிமீட்டரை வைத்தால் 95 சென்டிமீட்டர் இடுப்புள்ள ஆண் நலமானவர் பட்டியலில் சேர்கிறார். தெற்காசிய ஆண்களுக்குரிய 90-ஐ வைத்தால், அவரே ஆபத்துள்ளவர் பட்டியலுக்கு வந்துவிடுகிறார்.