பழைய கிளாஸ் செட்டு வாட்ஸ்அப் குரூப்பை வயசான காலத்துக்கு உருப்படியா ஆக்குறது எப்படி

எங்க செட்டு 1975 எஸ்எஸ்எல்சி. அப்ப பதினொண்ணாங்கிளாஸ் தான் கடைசி, ப்ளஸ் டூ எல்லாம் அதுக்கப்புறம் வந்தது. இப்ப குரூப்ல 29 பேர் இருக்கோம், எல்லாருக்கும் அறுபத்தஞ்சு தாண்டியாச்சு. முதல் ரெண்டு வருஷம் குரூப்ல ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், செவ்வாய்க்கிழமை ஆனா முருகன், எலக்‌ஷன் வந்தா சண்டை, கோச்சிட்டு ரெண்டு பேர் வெளிய போனது, இவ்வளவு தான் நடந்துச்சு. அப்புறம் ஒருநாள் தனியா இருக்கற எங்காளு ஒருத்தன் ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான், இடுப்பெலும்பு போச்சு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அங்கயே கிடந்திருக்கான். கேட்ல தொங்கின பால் பாக்கெட்டை யாரும் எடுக்கலையேன்னு பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்ததால பிழைச்சான். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு அவன் குரூப்ல குட்நைட் போட்டிருக்கான். காலைல அவன் ஒண்ணும் போடலைங்கறதை எங்க 28 பேர்ல ஒருத்தனும் கவனிக்கல. அந்த வெக்கத்துல ஆரம்பிச்சது தான் கீழ எழுதியிருக்கறது எல்லாம். உங்க செட்டுக்கும் ஆகும்னா எடுத்துக்கோங்க.

முதல் வேலை, அட்டெண்டன்ஸ். சிரிக்காதீங்க, நிஜமாவே அட்டெண்டன்ஸ் தான். ஆளுக்கு ஒரு ரோல் நம்பர், பழைய ரிஜிஸ்டர்ல யாருக்கு என்ன நம்பர்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னானுங்க, அதனால பேர் வரிசைப்படி புதுசா போட்டோம். காலைல 8 மணிக்குள்ள நம்பரை டைப் பண்ணி "உள்ளேன் ஐயா"ன்னு போடணும், அவ்வளவு தான். இதுக்குன்னு தனி குரூப் வேணும், பழைய குரூப்லயே வெச்சா ரோஜாப்பூவுக்கு நடுவுல காணாமப் போயிரும். மாசத்துக்கு ஒருத்தர் கிளாஸ் லீடர். 10 மணிக்கு அவர் லிஸ்டைப் பாத்து வராத ஆளுக்கு போன் போடணும், எடுக்கலைன்னா அடுத்து பக்கத்து வீட்டுக்கு. ஆமா, பக்கத்து வீட்டு நம்பர் தான் முக்கியம், நியூஜெர்சில இருக்கற பையன் நம்பரை வெச்சிட்டு கதவைத் திறக்க முடியாது. ஒரு ஸ்பேர் சாவியும் அதே பக்கத்து வீட்ல இருக்கட்டும். ஊருக்குப் போறவங்க முன்னாடியே லீவ் லெட்டர் போட்ரணும். எங்க ஆளுங்க இன்னமும் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னு தான் எழுதறானுங்க, கல்யாணத்துக்குப் போனாலும் அதே ஃபீவர் தான்.

அடுத்தது பாத்ரூம். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் அவங்கவங்க பாத்ரூமை போட்டோ எடுத்துப் போடச் சொன்னோம், பாக்கணுமே அந்தக் கண்றாவியை, வாசல்ல ஒரு படி, உள்ள பளபளன்னு டைல்ஸ், மூலைல சோப்புத் தண்ணி. செலவு பெருசா ஒண்ணும் இல்லை: வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துலயும் குளிக்கற இடத்துலயும் சுவத்துல ஸ்டீல் கைப்பிடி (டவல் மாட்டற கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்காதீங்க, அது உங்க வெயிட்டைத் தாங்காது), கீழ ரப்பர் மேட், படுக்கைல இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி எரியற சின்ன பல்பு. உள் தாழ்ப்பாள் போடாதீங்க, யாரு வந்து பாக்கப் போறா. பிபி மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடறவங்க ராத்திரி விருட்டுனு எழுந்திருக்கக்கூடாது, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு அப்புறம் எழுந்திருக்கணும். இதை டாக்டர் சொன்னா ஒருத்தனும் கேக்கறதில்லை, கூடப் படிச்சவன் "டேய் விழுந்து சாவாதடா"ன்னா கேக்கறான்.

பணம் விஷயத்துல எங்க ரூல் ஒண்ணே ஒண்ணு. போன்ல யார் அவசரப்படுத்தினாலும், போலீஸ்னாலும் சிபிஐனாலும் கொரியர்னாலும், செட்டுல ரெண்டு பேருக்குச் சொல்லாம ஒரு ரூபா அனுப்பக்கூடாது. "டிஜிட்டல் அரெஸ்ட்"னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கிடையாது, வீடியோ கால்ல யாரையும் கைது பண்ண முடியாது. ஆனா அந்த நேரத்துல பயத்துல மூளை வேலை செய்யாது, கதவைச் சாத்திக்க சொல்லுவான், யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னுவான், அதனால தான் இந்த ரூல். பணம் போயிருச்சுன்னா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழில நிறுத்த சான்ஸ் உண்டு. இன்னொரு வித்தை நடக்குது, நம்ம ஃப்ரெண்ட் போட்டோவை டிபில வெச்சு "ஆஸ்பத்திரில இருக்கேன், இருபதாயிரம் அனுப்பு"ன்னு மெசேஜ் வரும். எங்களுக்கும் வந்துச்சு. எங்க கணக்கு டீச்சர் பட்டப்பேர் என்னன்னு திருப்பிக் கேட்டோம், ஆளைக் காணோம். இந்த பாஸ்வேர்டை எந்தத் திருடனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

பென்ஷன் வாங்கறவங்களுக்கு லைஃப் சர்டிஃபிகேட் (உயிரோட தான் இருக்கோம்னு வருஷா வருஷம் கொடுக்கற சான்று) ஒரு தலைவலி. சென்ட்ரல் கவர்ன்மென்ட் பென்ஷன்னா நவம்பர், 80 வயசு தாண்டியிருந்தா அக்டோபர் ஒண்ணுல இருந்தே கொடுக்கலாம். பிஎஃப் பென்ஷன்காரங்க எந்த மாசம் வேணா கொடுக்கலாம், கொடுத்த தேதில இருந்து ஒரு வருஷம் செல்லும். நிறைய பேருக்கு கைரேகை தேஞ்சு போயிருக்கும், மெஷின்ல விழாது. என்னை ஒரு பேங்க்ல நாலு தடவை எண்ணெய் தடவு, துணில துடைன்னு அலைய விட்டாங்க. இப்ப அதுக்கெல்லாம் அவசியமே இல்லை, ஜீவன் பிரமான் ஆப்பும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் போன்ல ஏத்திக்கிட்டா முகத்தைக் காட்டியே முடிச்சிரலாம், ஜன்னல் வெளிச்சம் முகத்துல படற மாதிரி உக்காருங்க, கண்ணை ஒரு தடவை சிமிட்டச் சொல்லும். அதுவும் வரலைன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து பண்ணித் தருவார், பென்ஷனைப் பொறுத்து ஒரு சின்னக் கட்டணம் இருக்கலாம். போன வருஷம் எங்க செட்டுல விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல எல்லாரும் கூடி வரிசையா முடிச்சோம், கூடவே கேசரி பஜ்ஜி.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம், வீடு. பாசத்துல பையன் பேருக்கோ பொண்ணு பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் சொந்த வீட்லயே மாடி ரூம்ல ஒதுங்கிக் கிடக்கறவங்க எங்க செட்டுலயே உண்டு. எழுதிக் கொடுக்காதீங்கன்னு நான் சொல்லல (மனசுல அதான் இருக்கு). எழுதறதா இருந்தா "எங்களைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்துக்கணும்"ங்கற நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதுங்க. 2007ல வந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல 23வது பிரிவுன்னு இருக்கு, அந்த நிபந்தனையோட எழுதிக் கொடுத்து அவங்க பாத்துக்கலைன்னா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆர்டிஓ இல்லை) கிட்ட மனு கொடுத்து பத்திரத்தையே செல்லாதுன்னு ஆக்கலாம். பத்திரம் எழுதறவர் "அதெல்லாம் எதுக்கு சார், பெத்த புள்ள தானே"ம்பார், விடாதீங்க. இல்லைன்னா உயில் எழுதுங்க, அதை எப்ப வேணா மாத்தலாம். வெள்ளைப் பேப்பரே போதும், ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், ரிஜிஸ்டர் பண்றது கட்டாயமில்லை, பண்ணினா நல்லது. சொத்து யாருக்குப் போகுதோ அவங்களையே சாட்சி ஆக்காதீங்க. கூடப் படிச்சவங்க சாட்சிக்கு வரலாம், ஆனா உங்களை விட வயசு கம்மியா ஒருத்தரும் இருக்கட்டும், நம்ம வயசு தானே அவனுக்கும்.

வெளியூர் போறது நல்ல விஷயம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது போங்க. ரயில் டிக்கெட் போடும்போது ஒண்ணு கவனிங்க: லோயர் பெர்த் கோட்டா ஆம்பளைங்களுக்கு 60 வயசு, பொம்பளைங்களுக்கு 45, ஆனா ஒரு டிக்கெட்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ தான் இருக்கணும். நாங்க மதுரைக்குப் போறப்ப ஆறு பேரை ஒரே டிக்கெட்ல போட்டுட்டோம், ரெண்டு பேருக்கு அப்பர் பெர்த், முட்டி வலிக்காரன் ஒருத்தன் ஏணில ஏறி நின்ன கோலத்தை இன்னும் ஃபோட்டோவா வெச்சிருக்கோம். ரயில்ல சீனியர் சிட்டிசனுக்கு இருந்த பழைய கட்டணச் சலுகை 2020 மார்ச்லயே போயிருச்சு, ஸ்டேஷன்ல போய் சண்டை போடாதீங்க. சென்னைல இருக்கறவங்க 60 தாண்டினா மாநகர பஸ்ஸுக்கு மாசம் 10 இலவச டோக்கன் வாங்கலாம், நம்மாளுங்க பாதிப் பேர் கௌரவம் பாத்துட்டு வாங்கறதில்லை.

வைத்திய ஃபார்வர்டு எங்க குரூப்ல தடை. வெண்டைக்காய் தண்ணி குடிச்சு சுகர் மாத்திரையை நிறுத்தின ஆளு எப்படி ஆனான்னு எங்களுக்குத் தெரியும். மாத்திரை செலவு கட்டுப்படியாகலைன்னா டாக்டரைக் கேட்டுட்டு மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ வாங்குங்க, ஜெனரிக் மருந்து நல்லாவே விலை கம்மி. செட்டுல கேக்க முடியாத வீட்டுப் பிரச்சனைன்னா 14567, முதியோர் உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

கடைசியா ஒரு டிப்ஸ். யாராவது வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ இழந்தா குரூப்ல ஆர்ஐபி போட்டுட்டுப் போயிராதீங்க. பதினாறு நாள் வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும், அதுக்கப்புறம் தான் போன் பண்ணணும், தத்துவம் எல்லாம் பேசாம சாப்பிட்டியா, என்ன குழம்புன்னு கேட்டா போதும். எங்க 17ஆம் நம்பர் போன தையில தவறிட்டான். நம்பரை எடுத்துரலாமான்னு கேட்டோம், அவங்க வீட்டம்மா வேண்டாம்னுட்டாங்க. இப்ப தினம் காலைல ஆறரைக்கெல்லாம் முதல் ஆளா அவங்க தான் "17, உள்ளேன்"னு போடறாங்க.