போட் ட்ரெய்லருக்கு டயர் வாங்குறீங்களா? பட்டனைப் பாக்காதீங்க, தேதியைப் பாருங்க

2021 ஜூலை மாசம், ஒரு சனிக்கிழமை காலைல ஹூஸ்டன்ல இருந்து கால்வெஸ்டன் போற ஐ-45ல என் போட் ட்ரெய்லரோட வலது பக்க டயர் வெடிச்சுது. பங்க்சர் மாதிரி புஸ்ஸுன்னு இறங்கல, மேல் பட்டை அப்படியே உரிஞ்சு சுத்தி சுத்தி அடிச்சு ஃபென்டரை (சக்கரத்துக்கு மேல இருக்குற மட்கார்டை) மடக்கி, பின் லைட்டுக்குப் போற ஒயரையும் பிச்சுப் போட்டுருச்சு. பின் சீட்ல இருந்த என் பையன் "அப்பா, புகை வருது"ன்னு கத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. ஓரமா நிறுத்திட்டு உரிஞ்சு கிடந்த பட்டையைக் கைல எடுத்துப் பாத்தா பட்டன், அதாவது ரோட்டுல படுற ரப்பர் மேடு, புதுசு மாதிரி ஆழமா இருந்துச்சு, ஆனா பட்டனுக்கு நடுவுல இருந்த பள்ளத்துல மயிரிழை மயிரிழையா வெடிப்பு.

கார் டயர் ஓடி ஓடித் தேயும். போட் ட்ரெய்லர் டயர் வருஷத்துல பாதி நாளுக்கு மேல ஒரே எடத்துல வெயில்ல நின்னு ரப்பர் காய்ஞ்சு போகும், அப்புறம் திடீர்னு ஒரு நாள் முழு லோடோட டெக்சாஸ் வெயில்ல ஹைவேல இழுத்துட்டுப் போவோம், அன்னிக்குத்தான் அது போகும். அதனால புது டயர் எடுக்கும்போது எதைப் பாக்கணும்னு நான் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல சைஸ்

பழைய டயர்ல இருக்குற நம்பரை மட்டும் நம்பிப் போகாதீங்க, முன்னாடி ஓனர் கெடச்ச சைஸை மாட்டியிருக்கலாம். ட்ரெய்லரோட முன் பாதில, டிரைவர் சைடு (அமெரிக்கால இடது பக்க) ஃப்ரேம்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல டயர் சைஸ், ரிம் சைஸ், எவ்ளோ காத்து, மொத்தம் எவ்ளோ வெயிட் தாங்கும் எல்லாம் போட்டிருக்கும். என்னோடதுல எஸ்டி 205/75 ஆர்14. எஸ்டின்னா ட்ரெய்லருக்குன்னே செஞ்ச டயர், 205ங்கறது மில்லிமீட்டர்ல அகலம், 75ங்கறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் உயரம்னு, ஆர்னா ரேடியல் (உள்ள இருக்குற நூல் நேர் குறுக்கா ஓடுற வகை), 14ங்கறது இன்ச்ல ரிம். ஆர் இருக்குற எடத்துல டி இருந்தா பயாஸ் டயர், அதுல நூல் சாய்வா ஓடும். ஒரே ஆக்சில்ல ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் பயாஸ்னு மாட்டவே கூடாது.

"கொஞ்சம் பெருசா 215 போடலாமே"ன்னு கடைல சொன்னாங்கன்னா வீட்டுக்கு வந்து ஃபென்டருக்கும் டயருக்கும் எவ்ளோ கேப் இருக்குன்னு முதல்ல அளந்து பாருங்க. 205/75ல இருந்து 215/75க்குப் போனா டயரோட மொத்த உயரம் 15 மில்லிமீட்டர் ஏறும், போட் ட்ரெய்லர்ல ஃபென்டர் ரொம்ப ஒட்டித்தான் இருக்கும், பள்ளத்துல இறங்குனா உரசும்.

அப்புறம் வெயிட், இதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க

ப்ரோஷர்ல போட் வெயிட்னு போட்டிருக்கறதை வச்சு டயர் எடுக்காதீங்க, பெரும்பாலும் அதுல எஞ்சினே சேராது. பெட்ரோல் ஒரு கேலனுக்கு சுமார் 6 பவுண்டு, 40 கேலன் டேங்க்னா அதுவே 240 பவுண்டு. பேட்டரி, நங்கூரம், ஐஸ் பாக்ஸ், ட்ரெய்லரோட சொந்த வெயிட், எல்லாம் இருக்கு. ட்ரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு வண்டி எடை பாக்குற மேடை இருக்கும், போட்டை மாட்டி டேங்கை நெரப்பிட்டுப் போய் ட்ரெய்லர் சக்கரம் தனித் தட்டுல நிக்கிற மாதிரி ஏத்துனா ஆக்சில் மேல உக்கார்ற வெயிட்டை தனியா அச்சடிச்சுக் குடுத்துருவாங்க. எனக்கு 3,200 பவுண்டு வந்துச்சு.

இப்போ டயர்ல லோட் ரேஞ்ச்னு ஒரு எழுத்து இருக்கும். எஸ்டி 205/75 ஆர்14ல சி ரேஞ்ச்னா 50 பிஎஸ்ஐ காத்துல ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும், ரெண்டு சேந்து 3,520. கணக்குக்கு சரிதான், ஆனா ஒரு பக்கம் வெயிட் சாஞ்சாலோ காத்து கொஞ்சம் கொறஞ்சாலோ அந்த மிச்சம் போயிரும். டி ரேஞ்ச்னா 65 பிஎஸ்ஐல 2,040, ரெண்டுக்கு 4,080. நான் டி தான் போட்டேன், உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஆனா டயர் பெருசா தாங்குதுன்னு ஆக்சில் தாங்காது, 3,500 பவுண்டு ஆக்சில்னா அது 3,500தான். ரிம்மும் அந்த லோடையும் காத்தையும் தாங்கணும், ரிம்முக்குப் பின்னாடி அச்சு குத்தியிருக்கும், பாத்துக்கோங்க.

கடைல நின்னு தேதி பாருங்க

டயரோட பக்கவாட்டுல டாட் (DOT)னு ஆரம்பிச்சு எழுத்தும் நம்பருமா ஒரு நீளமான வரிசை இருக்கும், அதுல கடைசி நாலு நம்பர்தான் தயாரிச்ச தேதி. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். வெடிச்ச என் டயர்ல 1814னு இருந்துச்சு, அதாவது 2014ல 18ஆவது வாரம், ஏழு வருஷம் பழசு. போட்டை செகண்ட் ஹேண்டா வாங்கும்போது டயருக்கு பளபளன்னு பாலிஷ் போட்டு வச்சிருந்தாங்க, நானும் குனிஞ்சு பாக்கல. இப்போல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல கடைல கெடந்த டயரா இருந்தா வேற எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிருவேன், ஓட்டுறோமோ இல்லையோ அஞ்சு வருஷத்துல மாத்திருவேன். சில டயர்ல நாலு நம்பர் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமா மாட்டியிருந்தா ட்ரெய்லருக்கு அடில படுத்துத்தான் பாக்கணும், சோம்பல் படாதீங்க.

வேகத்துக்கும் ஒரு எழுத்து உண்டு. எல்னா மணிக்கு 75 மைல், எம்னா 81, என் (N)னா 87. எழுத்தே இல்லாத எஸ்டி டயர்னா 65தான் எல்லைன்னு வச்சுக்கோங்க. ப்ராண்டுன்னா குட்இயர் எண்டூரன்ஸ், கார்லைல், மேக்சிஸ் இதெல்லாம் ஈசியா கெடைக்கும், நான் எண்டூரன்ஸ் போட்டேன். ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, ஜோடியா மாத்துங்க.

உப்புத் தண்ணியா, ஏரித் தண்ணியா?

கால்வெஸ்டன் பே மாதிரி உப்புத் தண்ணில எறக்குறவங்க ரிம்மோட சேத்து வாங்குறீங்கன்னா கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசின இரும்பு) இல்லனா அலுமினியம் எடுங்க, பெயின்ட் அடிச்ச இரும்பு ரிம் துரு புடிச்சு டயர் உக்கார்ற விளிம்புலயே காத்து கசியும். போல்ட் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அளந்துட்டுப் போங்க, சின்ன ட்ரெய்லர்ல அஞ்சு போல்ட், நாலரை இன்ச்தான் சாதாரணமா இருக்கும். ரப்பர் வால்வு பெரும்பாலும் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், நான் மெட்டல் வால்வாவே போடச் சொல்லிட்டேன்.

மாட்டும்போது

சக்கரம் தரைல இருக்கும்போதே நட்டை லேசா லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி வைங்க. சக்கரத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடி கையால சுத்தி விட்டு காது குடுத்துக் கேளுங்க, கரகரன்னு சத்தம் வந்தா பேரிங்குக்கு கிரீஸ் வைக்க இதுதான் நேரம். மாட்டும்போது நட்டை எதிரெதிரா முடுக்கணும், வரிசையா முடுக்குனா ரிம் கோணலா உக்காரும். அரை இன்ச் ஸ்டட்ல (நட்டு ஏறுற போல்ட்) ஸ்டீல் ரிம்முக்கு பொதுவா 90ல இருந்து 120 ஃபுட் பவுண்டு இறுக்கம், ரிம் கம்பெனி வேற சொல்லியிருந்தா அதுதான். இறுக்கத்தை அளந்து முடுக்குற டார்க் ரெஞ்ச் இல்லனா பக்கத்து வீட்ல கடன் வாங்கியாவது வைங்க. முதல் 50 மைல் ஓடினதும் நிறுத்தி மறுபடி முடுக்கிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு நட்டு கொஞ்சம் திரும்பலாம்.

காத்தைக் காலைல கெளம்புறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்போ, பக்கவாட்டுல போட்டிருக்குற முழு அளவுக்கு அடிங்க. நடுவுல நிறுத்திப் பாத்தா சூட்டுல பிஎஸ்ஐ ஏறியிருக்கும், அதைப் பாத்து பயந்து எறக்காதீங்க, காத்து கம்மியானாத்தான் டயர் மடங்கி மடங்கி சூடாகி வெடிக்கும்.

ஸ்டெப்னிக்கும் அதே சைஸ், அதே லோட் ரேஞ்ச் ஒண்ணு வாங்கி கவர் போட்டு வைங்க. அது ஓடவே ஓடலைன்னாலும் வயசு ஏறிட்டுத்தான் இருக்கும், அதோட நாலு நம்பரையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.